குட்டிச் சில்லு

என் சைக்கிள் பாடசாலை வாயிலுக்கு வருமுன்னரே அதன் சத்தம் தரம் 8 வகுப்புக்குள் போய்ச் சேர்ந்துவிடும். கீச்… கீச்… என்று ஒரே சீரான சத்தம். மிதிக்கும்போது வரும், மிதியை நிறுத்திவிட்டுச் சும்மா உருண்டால் நின்றுவிடும். "சேர் வாறாருடா" என்று ஒருவன் குரல் கொடுக்க, வகுப்பு அப்படியே அடங்கிப்போகுமாம். பக்கத்து வகுப்பு ஆசிரியைதான் சிரித்துக்கொண்டே இதைச் சொன்னார். பின்வாங்கில் இருக்கும் ஒரு பையன் அந்தச் சத்தத்தை வாயால் அச்சொட்டாகச் செய்வானாம். நான் வராத நாட்களில் அவன் கீச்சிட்டாலும் வகுப்பு அடங்குகிறதாம். என்னைவிட என் சைக்கிளுக்குத்தான் பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்று எண்ணிக்கொண்டேன்.

அந்தச் சைக்கிள் 2022ஆம் ஆண்டின் பிள்ளை. அந்த வருடம் ஆனி மாதக் கடைசியில் ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபாவுக்குப் போனதும், அந்த விலைக்கும் கிடைக்காமல் சுபஹ் தொழுத கையோடு வரிசையில் போய் நின்றதும் வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இரண்டு நாள் வரிசையில் கிடந்து, என் முறை வருவதற்கு நான்கைந்து பேருக்கு முன்னால் 'முடிஞ்சிது' என்ற சொல்லைக் கேட்டுத் திரும்பிய அன்று, மோட்டார் சைக்கிளை வீட்டுக் கொட்டிலுக்குள் தள்ளிவிட்டு, ஜப்பானில் பாவித்துக் கொள்கலனில் ஏற்றிவந்த சைக்கிள் ஒன்றை வாங்கினேன். முன்னால் 3, பின்னால் 7, மொத்தம் 21 கியர். அந்த நாட்களில் சைக்கிளுக்கும் கிராக்கிதான். பெற்றோல் பிறகு வந்தது. ஆனால் அதற்குள் என் இரத்தத்தில் சீனி கொஞ்சம் இறங்கியிருப்பதாக டொக்டர் சொல்லிவிட்டார். மோட்டார் சைக்கிள் கொட்டிலிலேயே இருந்துவிட்டது.

வீட்டிலிருந்து பாடசாலை 9 கிலோமீற்றர். பாதித்தூரம் கடலோரப் பெருந்தெரு, மீதி வயல்களுக்கூடாகக் கிரவல் வீதி. கச்சான் காற்று வீசும் மாதங்களில் அந்தக் கிரவல் தூள் முகத்தில் மட்டும் அப்புவதில்லை. கடலோரத்தில் மணல், வயலோரத்தில் கிரவல், மாரியில் சேறு. சைக்கிளுக்கு எதிரி என்று ஒன்றைத் தேடவேண்டுமானால் எங்கள் பக்கத்தைவிட நல்ல இடம் கிடையாது.

கீச்சுச் சத்தம் தொடங்கியபோது எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான்: எண்ணெய். அது வாப்பாவிடமிருந்து வந்த வைத்தியம். வாப்பாவிடம் ஒரு ராலி சைக்கிள் இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் அதைத் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, அதன் பிறகுதான் குளித்து ஜும்ஆவுக்குப் போவார். "செயின் காயப்படாது மனே" என்பது அவர் வாக்கு. வாப்பா மௌத்தாகிப் பல வருடங்கள் ஆனபிறகும் அந்த வாக்கை நான் மாற்றவில்லை. சத்தம் வந்தால் எண்ணெய் விட்டேன். சத்தம் போனது. மூன்று நாளில் திரும்பி வந்தது. இன்னும் கூடுதலாக விட்டேன்.

வாப்பாவின் சைக்கிளுக்குச் செயினை முழுதாக மூடிய தகரக் கவர் ஒன்று இருந்தது என்பதை நான் மறந்துபோனேன். மூடிய செயினுக்கு எண்ணெய் நல்லது. திறந்து கிடக்கும் செயினில் வழிய வழிய எண்ணெயை விட்டால் அது வழியில் உள்ள தூளையெல்லாம் கூப்பிட்டு ஒட்டவைத்துக்கொள்ளும். எண்ணெயும் கிரவல் தூளும் சேர்ந்தால் அது அரைக்கிற பசை. இரும்பைத் தீட்டுவதற்குத் தச்சன் கல்லில் செய்வதைத்தான் நான் 9 கிலோமீற்றர் தூரம் போகவும் வரவும் செய்துகொண்டிருந்தேன்.

அது எதை அரைத்தது என்று சொல்வதற்கு முன் இந்தக் கியர் விடயத்தைக் கொஞ்சம் விளக்கவேண்டும். பின் சில்லின் நடுவில் ஏழு பல்லுச் சக்கரங்கள் பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கியிருக்கும். செயின் எதில் ஓடுகிறதோ அதைப் பொறுத்து மிதி இலேசாகும் அல்லது கனக்கும். செயினை ஒன்றிலிருந்து மற்றதற்குத் தள்ளிவிடும் கை போன்ற பாகத்துக்கு ஆங்கிலேயரே பிரெஞ்சுப் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். தண்டவாளத்தைவிட்டு இறக்குவது என்று அதற்குப் பொருள். புகையிரதத்துக்கு எது விபத்தோ அதுவே இங்கே தொழில். பிரான்சைச் சுற்றி ஓடும் அந்தப் பெரிய சைக்கிள் பந்தயத்தில் 1937ஆம் ஆண்டுவரை இந்தக் கருவிக்கு இடம் கொடுக்கவில்லை. அதுவரை வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின் சில்லையே கழற்றித் திருப்பிப் போட்டுக்கொண்டுதான் ஏறினார்களாம். எங்கள் ஊர்ச் சைக்கிள் கடைகளில் அதற்குப் 'பின் கியர்' என்று பெயர். எனக்கும் அதுவே போதும்.

இந்தப் பின் கியருக்குக் கீழே ஒரு சின்னக் கூடு தொங்கும். அதற்குள் ஒன்றின்கீழ் ஒன்றாக இரண்டு குட்டிச் சில்லுகள். ஐந்து ரூபாக் குற்றியைவிடப் பெரிது. பெரும்பாலும் பிளாஸ்ரிக். ஆங்கிலத்தில் ஜொக்கி வீல் என்கிறார்கள், குதிரைப் பந்தயத்தில் குதிரை ஓட்டுபவனின் பெயர். செயின் மேல் சில்லின் முன்பக்கத்தால் இறங்கிக் கீழ் சில்லின் பின்பக்கத்தால் சுற்றி, ஆங்கில எஸ் எழுத்தைப்போல வளைந்து போகும். மேல் சில்லு வழிகாட்டி. நாம் கியரை மாற்றும்போது செயினை அடுத்த பல்லுச் சக்கரத்தின் நேர்கீழே கொண்டுபோய் நிறுத்துவது அதுதான். கீழ் சில்லு இழுத்துப் பிடிப்பது. பெரிய சக்கரத்திலிருந்து சிறியதற்குச் செயின் போனால் மிஞ்சும் நீளம் தொங்கிப்போகாமல், சுருளிவில்லின் பலத்தால் பின்னுக்குப் போய் அதை உள்வாங்கிக்கொள்ளும். மிதித்தால் மட்டுமே செயின் ஓடும். செயின் ஓடினால் மட்டுமே இவை இரண்டும் சுற்றும். என் கீச்சுச் சத்தம் மிதியோடு வந்து மிதியோடு நின்றதற்கு அதுதான் காரணம். அது எனக்கு அப்போதே விளங்கியிருக்கவேண்டும். கணிதம் படிப்பிக்கிறவன் நான்.

விகிதம் படிப்பித்த ஒரு நாளில் அந்தச் சைக்கிளையே வகுப்பு வாசலில் நிறுத்திப் பிள்ளைகளைக் கொண்டு கணக்குப் பார்த்தேன். முன் பல்லுச் சக்கரத்தில் 42 பல். பின்னால் நான் அதிகம் ஓடும் சக்கரத்தில் 14. ஆக, பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் பின் சில்லு 3 சுற்று. நூலைப் பிடித்து ரயரின் சுற்றளவை அளந்தோம்: 2 மீற்றரும் 5 சென்ரிமீற்றரும். ஒரு மிதிக்கு 6 மீற்றருக்குச் சற்று மேல். 9 கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 1,460 மிதி. குட்டிச் சில்லுக்கு 11 பல். 42ஐ 11ஆல் பிரித்தால் 3.8. "சேர், அப்ப சின்னச் சில்லு பெரிய சில்லவிடக் கூடச் சுத்துது" என்று முன்வாங்குப் பெண்பிள்ளை ஒருத்தி சொன்னாள். ஆம். ரயர் 3 முறை சுற்றும்போது அது 3.8 முறை. ஒரு வழிக்கு ஐயாயிரத்து ஐந்நூறு சுற்று, போய்வரப் பதினோராயிரம். பாடசாலை வருடத்துக்கு 200 நாள் என்று வைத்தால் 22 இலட்சம். பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். பதினோராயிரம் சுற்றும் மணலோடுதான் என்பதை அப்போதும் நான் யோசிக்கவில்லை. கணக்கைச் சரி போட்டுவிட்டு அடுத்த அப்பியாசத்துக்குப் போனேன்.

2024ஆம் ஆண்டு சிறுபோக அறுவடைக் காலத்தில் கியர் தன் இஷ்டத்துக்கு மாறத் தொடங்கியது. ஒருநாள் அஸருக்குப் பிறகு சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துவைத்துப் பார்த்தேன். குட்டிச் சில்லு இரண்டும் எதென்று தெரியாத அளவுக்குக் கறுப்பு அழுக்கு ஏறியிருந்தது. தட்டை ஸ்குறூ டிரைவரால் பல்லுக்குப் பல்லுச் சுரண்டினேன். அழுக்கு கட்டி கட்டியாக, நாள்பட்ட தாரைப்போல விழுந்தது. அதன்பின் தெரிந்த கீழ் சில்லைப் பார்த்ததும் திடுக்கிட்டேன். பல்லெல்லாம் சுறாவின் செட்டையைப்போல் கூராகியிருந்தது. நல்ல சில்லில் பல்லின் நுனி மழுங்கலாக இருக்கும். தேயத் தேயத்தான் கூராகும். பல்லுக் கூரானால் நல்லது என்று மனிதனுக்குத் தோன்றுவது இந்த விடயத்தில் பிழை.

மேல் சில்லை விரலால் பிடித்துப் பார்த்தேன். இடமும் வலமும் ஆடியது. இதுவும் போய்விட்டது என்று தீர்மானித்தேன். அந்தத் தீர்மானத்துக்கு ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை.

கொழும்புக்குப் போன மச்சானிடம் சொல்லிவிட்டு, அலுமினியத்தில் செய்த, உள்ளே குண்டுப் போதிகை வைத்த ஒரு சோடியை எடுப்பித்தேன். சிவப்பு நிறம். அசைத்தால் அசையாது, சுண்டினால் சுழன்றுகொண்டே இருக்கும். 3 மில்லிமீற்றர் எலன் கீயால் இரண்டு போல்ட்டையும் கழற்றி, கூட்டைப் பிரித்து, பழையதை எடுத்து, புதியதைப் போட்டு, மஃரிபுக்கு முன் வேலையை முடித்தேன். பழைய இரண்டையும் என் சின்ன மகள் கேட்டாள், கொடுத்தேன். அவள் அவற்றை மஞ்சள் சாயத்தில் தோய்த்துக் கடதாசியில் குற்றினாள். வரிசையாகச் சூரியன்கள் விழுந்தன.

மறுநாள் காலை சைக்கிள் கீச்சிடவில்லை, கரகரத்தது. மா அரைக்கிற மில்லைப்போல. மூன்றாம் கியரில் ஒரு சத்தம், நான்காம் கியரில் வேறு சத்தம். கியரை மாற்றினால் செயின் போவதா விடுவதா என்று நடுவில் நின்று யோசித்தது. கிரவல் வீதி தொடங்கும் இடத்தில் இறங்கி உருட்டிக்கொண்டே போனேன். அன்று முதலாம் பாடவேளை எனக்குத் தவறிப்போனது. வரவுப் பதிவேட்டில் நான் சிவப்புக் கோட்டுக்குக் கீழே ஒப்பமிட்டது அந்த வருடத்தில் அந்த ஒருநாள்தான்.

பாடசாலைவிட்டு வரும் வழியில், சந்தியில் ஒரு சைக்கிள் திருத்தும் கடை இருக்கிறது. தகரக் கூரை, முன்னால் தொங்கும் பழைய ரயர்கள், தண்ணீர்ச் சட்டி. நான் வழக்கமாகப் போகாத கடை. போகாததற்கு ஒரு காரணம் இருந்தது. அங்கே வேலை செய்பவன் என்னிடம் படித்தவன். அவனைக் கண்டால் தலையசைத்துவிட்டு வேகமாக மிதித்துப் போய்விடுவது என் பழக்கமாயிருந்தது. அன்று உருட்டிக்கொண்டு வந்தவனுக்கு வேகமாகப் போக வழியில்லை.

"வாங்க சேர்" என்று எழுந்து நின்றான். இருபது வயது இருக்கும். கையைத் துடைத்துவிட்டு ஸலாம் சொன்னான். சைக்கிளைத் தூக்கி இருக்கையைக் கயிற்றில் கொளுவித் தொங்கவிட்டு, பெடலைக் கையால் ஒருதரம் சுற்றினான். பார்க்கவில்லை, கேட்டான். காதைச் சரித்துக் கேட்டான்.

"ஆரு சேர் மாத்தின?"

"நான்தான்."

சிரிக்கவில்லை. குனிந்து விரலால் காட்டினான். கூட்டின் நடுவில், இரண்டு சில்லுக்கும் இடையே, நகத்தளவில் ஒரு தகடு மடிந்து நிற்கிறது. செயின் அதற்கு உட்பக்கமாகப் போகவேண்டும். நான் வெளிப்பக்கமாக விட்டிருந்தேன். செயின் காலையிலிருந்து அந்தத் தகட்டில் உராய்ந்துகொண்டே வந்திருக்கிறது. தகட்டின் விளிம்பு வெள்ளி போல மினுங்கியது.

"இது எல்லாருக்கும் வாற பிழைதான் சேர். நானும் விட்டிரிக்கன்" என்றான். என்னை ஆறுதல்படுத்துகிறான் என்று தெரிந்தது.

கீழ் போல்ட்டை முழுதாகக் கழற்றி, மேல் போல்ட்டை இளக்கி, கூட்டின் தகட்டைத் திருப்பினான். செயினை அறுக்கத் தேவையில்லை. செயினை உள்ளே விட்டு முடுக்கி மீண்டும் சுற்றினான். கரகரப்பு பாதி குறைந்தது. மூன்றிலும் நான்கிலும் மிச்சம் இருந்தது.

"பழசு எங்க சேர்?"

"ரெண்டும் தேஞ்சி போச்சு. மேல் சில்லு அப்படியே ஆடுது."

"எந்தப் பக்கமா ஆடின?"

அந்தக் கேள்வி எனக்கு விளங்கவில்லை. அவன் பெட்டிக்குள்ளிருந்து தன்னிடமிருந்த ஒரு பழைய மேல் சில்லை எடுத்தான். நடுவிலுள்ள இரும்புக் குழலைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் பிடித்துக்கொண்டு சில்லை இடமும் வலமும் தள்ளினான். தாராளமாகத் தள்ளுப்பட்டது. பிறகு மேலும் கீழும் அசைத்தான். அசையவில்லை.

"இப்பிடிப் பக்கவாட்டா ஆடினா அது பழுதில்ல சேர். அது வெச்ச ஆட்டம். மேலயும் கீழயும் ஆடினாத்தான் ஓட்ட பெருத்துப் போச்சு எண்டு அர்த்தம். அது தேஞ்ச ஆட்டம்."

வைத்த ஆட்டம், தேய்ந்த ஆட்டம். எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுத்த சொற்களல்ல. விளக்கத்தையும் அவனே தந்தான். கியர் வயர் நாளடைவில் இழுபடும். சைக்கிள் விழுந்தெழும்பினால் பின் கியர் பொருந்தும் இடம் ஒரு நூலளவு வளையும். அப்போது மேல் சில்லு பல்லுச் சக்கரத்துக்கு நேர்கீழே வந்து நிற்காது. அந்தக் கொஞ்ச இடைவெளிக்காகத்தான் ஜப்பான்காரன் மேல் சில்லைப் பக்கவாட்டில் அசையும்படி செய்து வைத்திருக்கிறான். செயின் இழுக்கிற பக்கம் அது தானாகவே நகர்ந்து நேருக்கு வந்துவிடும். கீழ் சில்லுக்கு அந்த வேலை இல்லை, அதனால் அதற்கு அந்த ஆட்டமும் இல்லை. இரண்டையும் இடம் மாற்றிப் போடக்கூடாது. சிலவற்றில் சுற்றும் திசைக்கு அம்புக்குறியும் இருக்கும். நான் வாங்கிவந்த சிவப்புச் சில்லு விலைகூடியதுதான், ஆனால் விறைப்பானது. எல்லாம் அச்சொட்டாக நேராக இருக்கும் சைக்கிளில் அது நன்றாக வேலை செய்யும். என் சைக்கிள் இரண்டு மாரி கண்டது.

"பழசக் கொண்டு வாங்க சேர். எறிஞ்சிடாதீங்க."

மறுநாள் மாலை மகளிடம் கெஞ்சி வாங்கிக்கொண்டு போனேன். சாயம் காய்ந்து ஒட்டியிருந்த மஞ்சள் சூரியனை அவன் மண்ணெண்ணெயில் போட்டுப் பழைய பல் தூரிகையால் தேய்த்தான். சில்லின் இரு பக்கமும் இருக்கும் மெல்லிய தகட்டு மூடிகளைக் கழற்றினான். நடுக் குழலை வெளியே தள்ளினான். அதுதான் கீச்சிட்டது. நான் செயினில் வழிய வழிய விட்ட எண்ணெயில் ஒரு துளிகூட அந்தக் குழலுக்குள் போயிருக்கவில்லை. உள்ளே காய்ந்து செங்கபிலமாக இருந்தது. அதைத் துடைத்து, கடுகளவு கிறீஸ் பூசி, மூடிகளைப் போட்டான். பல்லெல்லாம் மழுங்கலாக, நல்ல பல்லாகவே இருந்தது. கீழ் சில்லைக் கையில் எடுத்ததும் "இது முடிஞ்சிது" என்று சொல்லி வேறாக வைத்தான். அதன் இடத்துக்குக் கடையிலிருந்த ஒரு சாதாரணப் பிளாஸ்ரிக் சில்லைப் போட்டான்.

போல்ட்டை முடுக்குமுன் அதன் புரியில் ஒரு சொட்டு எதையோ பூசினான். சின்னப் போத்தல், இளஞ்சிவப்பு நிறம்.

"என்னடா இது?"

"ராத்தாட கியூடெக்ஸ் சேர். உளு கூடாதெண்டு விட்டுட்டா. போல்ட் அதிர்ச்சில இளகாம இது பிடிச்சிக்கிடும். அதுக்கெண்டு பசை விக்கிறான், இஞ்ச கிடைக்காது."

பிறகு அடிமட்டம் ஒன்றை எடுத்தான். பாடசாலைப் பிள்ளைகள் வைத்திருக்கும் 12 அங்குல மர அடிமட்டம், நுனி கறுத்தது. செயினின் ஓர் ஊசியைப் பூச்சியத்தில் வைத்து நீட்டிப் பிடித்தான். செயினில் ஊசிக்கு ஊசி அரை அங்குலம். 24 இடைவெளி எண்ணினால் சரியாக 12இல் வந்து ஓர் ஊசி நிற்கவேண்டும். செயின் தேய்ந்தால் அது நீளும். ஊசி 12ஐத் தாண்டிப்போகும். நீண்ட செயினைப் போட்டு ஓடினால் புதுச் சில்லும் சீக்கிரம் தேய்ந்துவிடும். அதனால் சில்லு மாற்றும்போது செயினையும் பார்க்கவேண்டுமாம்.

"பதினாறுல ஒண்டு தாண்டினா செயின மட்டும் மாத்தினாப் போதும் சேர். எட்டுல ஒண்டு தாண்டினா பிறீவீலும் சேந்து போகும்." அடிமட்டத்தில் கண் வைத்தபடியே சொன்னான். "எட்டுல ஒண்டு பெரிசுதானே."

நான் வாங்கில் உட்கார்ந்திருந்தேன். அந்த வாங்கிலிருந்து எழும்பிப் போய்விடலாமா என்று தோன்றியது.

2019ஆம் ஆண்டு, தரம் 10. கரும்பலகையில் 1/16, 1/8 என்று இரண்டு எழுதி, பெரியது எது என்று கேட்டு அவனை எழுப்பினேன். அவன் 1/16ஐச் சுற்றி வட்டமிட்டான். 16 பெரிது, 8 சிறிது. இது தரம் 6 பிள்ளை விடும் பிழை. வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தத் தவணையில் அவன் வந்த நாட்களைவிட வராத நாட்கள் கூட. வந்தாலும் மேசையில் தலை சாய்த்துவிடுவான். பெற்றோர் கூட்டத்துக்கு அவனது வாப்பா வந்தார். கை கட்டி நின்றார். நான் சொன்னேன்: "இவனுக்குப் படிப்பு ஏறாது. காலத்த வீணாக்காம ஒரு தொழில்ல விடுங்க." அவர் "சேர் சொன்னாச் சரி" என்றார். அடுத்த வாரத்திலிருந்து அவன் வரவில்லை. பதினைந்து வயது. சட்டப்படி 16 வயதுவரை பாடசாலையில் இருந்திருக்கவேண்டியவன். பதிவேட்டில் இடைவிலகல் என்று நானே எழுதினேன். ஆசிரியர் கலாசாலையில் படிக்கும்போது உளவியலுக்கு நான் செய்த ஒப்படை, மெல்லக் கற்கும் மாணவர்களை இனங்காணல் பற்றியது. நல்ல புள்ளி கிடைத்தது.

"அந்த வருசம் நீ ஏன் ஒழுங்கா வரல்ல?" என்று கேட்டேன். ஐந்து வருடம் பிந்திய கேள்வி.

அவன் அடிமட்டத்தைச் செருகிவிட்டு யோசித்தான். "வாப்பா சந்தை சந்தையாப் போய்ப் புடவ விக்கிறவரு சேர். சிங்கள ஊருகளுக்கு. ஏப்பிரல்ல அந்தக் குண்டுகள் வெடிச்ச பொறகு ஆருமே வாங்கிறல்ல. சில இடத்துல கடை போட விடல்ல. வாப்பா தனியப் போகப் பயந்தாரு. எனக்குச் சிங்களம் வரும்தானே, அதான் நானும் போவன். ராவு மூணு மணிக்கி வெளிக்கிடணும்."

அந்த வருடத்துச் சித்திரையும் வைகாசியும் எங்கள் ஊர்களில் எப்படி இருந்தன என்பது எனக்கும் தெரியும். எங்கள் வீட்டிலும் சோதனைக்கு வந்தார்கள். புத்தக அலுமாரியில் இருந்த அறபு எழுத்துள்ள புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினேன். எனக்கு அது நடந்தது. ஆனால் என் வகுப்பில் தலை சாய்த்துக் கிடந்தவனுக்கும் ஏதோ நடந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆடுகிறது, போய்விட்டது என்று தீர்மானித்தேன். எந்தப் பக்கமாக ஆடுகிறது என்று கேட்கவில்லை.

"சேர் நல்லதுக்குத்தானே சொன்னீங்க" என்றான் அவன். "இந்தக் கடைக்கு வந்ததும் அதாலதான்."

"நல்லதுக்குச் சொன்னதில்ல மகன். கோவத்துல சொன்னது. என்னோட பிழை."

அவன் பதில் சொல்லவில்லை. எலன் கீயை எடுத்து ஏற்கெனவே முடுக்கிய போல்ட்டை இன்னொருதரம் முடுக்கினான். முகத்தைக் காட்டாமல் இருப்பதற்கு அவனுக்கு ஒரு வேலை தேவைப்பட்டிருக்கவேண்டும். எனக்கு அப்படி ஒரு வேலையும் கையில் இருக்கவில்லை.

"இப்ப மிதிச்சிப் பாருங்க சேர்" என்று சைக்கிளை இறக்கி வைத்தான்.

பள்ளிவாசல் வரை போய்த் திரும்பி வந்தேன். ஏழு கியரையும் மாற்றிப் பார்த்தேன். செயின் போகும் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. காசு கேட்டதற்குப் புதுச் சில்லின் விலையை மட்டும் சொன்னான். கூலி என்று அவன் வாங்கவில்லை. வற்புறுத்தினேன். "இன்னொரு நாளைக்கி சேர்" என்றான்.

க.பொ.த. சாதாரணதரத்தைத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக இப்போதும் எழுதலாம் என்று அடுத்த முறை போனபோது சொன்னேன். "பாப்பம் சேர்" என்றான். கடந்தகால வினாத்தாள் தொகுப்பு ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அது கடை மேசையில், கியூடெக்ஸ் போத்தலுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. அட்டையில் கிறீஸ் விரல் அடையாளங்கள் இருக்கின்றன. உள்ளே இருக்கின்றனவா என்று நான் திறந்து பார்க்கவில்லை.

வாப்பாவின் வெள்ளிக்கிழமையை நான் விடவில்லை, வேலையை மட்டும் மாற்றிக்கொண்டேன். பதினைந்து நாளைக்கு ஒருமுறை காலையில் குட்டிச் சில்லு இரண்டின் பல்லையும் சுரண்டிவிட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்றிக்கொண்டே செயினைப் பழைய பனியனால் துடைப்பேன். பிறகு கண்ணிக்கு ஒரு துளி தையல் மெசின் எண்ணெய், அதையும் மிச்சம் இல்லாமல் துடைத்துவிடுவேன். சில்லின் நடுவில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு துளி. மாரி முடிந்தால் கழற்றிக் குழலுக்குக் கிறீஸ். விரலால் பிடித்துப் பக்கவாட்டில் ஒருமுறை, மேலும் கீழுமாக ஒருமுறை. கூராகிப்போன பழைய கீழ் சில்லை மகள் திரும்பவும் எடுத்துக்கொண்டாள். சூரியனுக்கு அதுதான் நல்லதாம், கதிர் கூராக விழுகிறதாம். சிவப்புச் சில்லுச் சோடி அலுமாரியில் இருக்கிறது.

பாடசாலையில் நான் வருவது இப்போது ஒருவருக்கும் கேட்பதில்லை. போன கிழமை தரம் 8 வாசலில் போய் நின்றபோது வகுப்பு ஒரே அமளி. பின்வாங்குப் பையன் என்னைக் கண்டுவிட்டான். கண்ட கணத்தில் வாயைக் குவித்துக் கீச்… கீச்… என்றான். வகுப்பு அடங்கியது.